படுத்தவுடன் மேலேறும் புளிப்பு: எதைக் குடிப்பது, எப்போது உண்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. கடந்த 2 ஆண்டுகளாக நெஞ்செரிச்சலோடும் புளித்த ஏப்பத்தோடும் போராடி வருகிறேன். பகலில் பெரிய தொல்லை இல்லை. இரவு படுத்து ஒரு மணி நேரம் கழிந்ததும் மார்பின் நடுவே எரிச்சல் தொடங்குகிறது. சில நாட்களில் புளித்த நீர் தொண்டைவரை எதுக்களித்து வந்து, மூச்சு முட்டும் இருமலோடு எழுந்து உட்காருகிறேன். அதன்பின் விடியும்வரை உறக்கம் பிடிப்பதில்லை.

ஓராண்டுக்கு முன்பு எண்டோஸ்கோப்பி செய்து பார்த்த மருத்துவர், இரைப்பையில் புண் எதுவும் இல்லை, உணவுக்குழாயின் கீழ்முனை மட்டும் சற்றே சிவந்திருக்கிறது என்று கூறி, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரையை 8 வாரங்களுக்கு எழுதித் தந்தார். சாப்பிட்ட நாட்களில் பாதி நிவாரணம் கிடைத்தது. நிறுத்திய பத்தாம் நாள் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது. மீண்டும் தொடங்கினேன், மீண்டும் நிறுத்தினேன், மீண்டும் அதே கதை. வாழ்நாள் முழுவதும் மாத்திரையை நம்பியிருக்க எனக்கு விருப்பமில்லை.

என் பழக்கங்களை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வேலை முடிந்து வீடு திரும்ப நேரமாகிவிடுவதால் இரவு உணவு ஒன்பதரைக்கு, பத்தரைக்குப் படுக்கை. பகலில் சரியாகச் சாப்பிட வாய்க்காததால் இரவில்தான் வயிறு நிறைய உண்கிறேன். உணவுக்குப் பின் செரிமானத்துக்கு நல்லது என்று புதினாத் தேநீர், படுக்கும் முன் எரிச்சலைத் தணிக்க ஒரு குவளை வெதுவெதுப்பான பால், காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு கலந்த நீர், அலுவலகத்தில் நாளொன்றுக்கு 4 அல்லது 5 கோப்பை காபி. காரத்தையும் தக்காளியையும் முற்றிலும் விட்டுவிட்டேன். பெரிய மாற்றம் தெரியவில்லை. தலையணைகள் இரண்டு வைத்துப் படுக்கிறேன். கடந்த 4 ஆண்டுகளில் 9 கிலோ எடை கூடியிருக்கிறது. புகையும் மதுவும் இல்லை.

எந்தப் பானம் உண்மையில் உதவும், எது கெடுக்கும்? உணவில் எதை மாற்ற வேண்டும்? இதே தொல்லையிலிருந்து மீண்டவர்கள் யாரேனும் இருந்தால் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மறுமொழி

நண்பருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது 11 ஆண்டுகளுக்கு முந்தைய என் இரவுகள் நினைவுக்கு வந்தன. நீங்கள் பானத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் முதலில் உங்கள் கடிகாரத்தைப் பற்றிப் பேச அனுமதியுங்கள், ஏனென்றால் நானும் பல ஆண்டுகள் எதைக் குடித்தால் தீரும் என்று தேடித் தேடிக் களைத்த பிறகுதான், எப்போது உண்கிறேன், எப்படிப் படுக்கிறேன் என்பதைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்பதரைக்கு வயிறு நிறைய உண்டு பத்தரைக்குப் படுப்பவருக்கு, படுக்கும் நேரத்தில் உணவின் பெரும்பகுதி இன்னும் இரைப்பையிலேயே இருக்கிறது. நின்றிருக்கும்போது புவியீர்ப்பு நமக்குத் துணை நிற்கிறது; மேலே வந்த அமிலமும் தானாக இறங்கிவிடுகிறது. விழித்திருக்கும்போது நாம் அறியாமலே அடிக்கடி உமிழ்நீரை விழுங்குகிறோம், அந்த உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் உணவுக்குழாயில் ஒட்டியிருக்கும் அமிலத்தைக் கழுவிச் சமன்செய்கிறது. உறக்கத்தில் இவ்விரண்டு துணைகளும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடுகின்றன: படுத்தவுடன் புவியீர்ப்பின் உதவி போய்விடுகிறது, உமிழ்நீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைகிறது, விழுங்குதலும் அரிதாகிறது. ஆகவே பகலில் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடக்கூடிய அமிலம் இரவில் நெடுநேரம் அங்கேயே தங்கிச் சுடுகிறது. ஜப்பானில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரத்துக்கும் குறைவாக இடைவெளி விட்டவர்களிடம், 4 மணி நேரமோ அதற்கு மேலோ விட்டவர்களைக் காட்டிலும் அமில எதுக்களிப்பு நோய் காணப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாக இருந்தது. ஓர் ஆய்வு மட்டும்தான் என்றாலும், என் உடம்பு சொன்னதும் அதுவே.

என் வேலையும் உங்களுடையதைப் போலத்தான். ஏழு மணிக்கு வீட்டில் இருப்பது இயலாத காரியம். அதனால் உணவின் கனத்தை இடம் மாற்றினேன். நண்பகலில் முறையாக உண்டேன். மாலை ஆறரைக்கு அலுவலகத்திலேயே, வீட்டிலிருந்து கொண்டுபோன பெட்டியைத் திறந்து இரவு உணவின் பெரும்பகுதியை முடித்துக்கொண்டேன். வீடு திரும்பியதும் பசியடங்கும் அளவுக்கு, கொழுப்பில்லாத சிறு உணவு. தொடக்கத்தில் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் நேரத்தை இழந்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது; பிறகு அவர்களோடு அமர்ந்து குறைவாக உண்ணப் பழகிக்கொண்டேன்.

அடுத்தது தலையணை. இரண்டு தலையணைகள் வைப்பதால் தலையும் கழுத்தும் மட்டுமே உயர்கின்றன, உடல் இடுப்பில் மடிந்து வயிறு அழுந்துகிறது. சிலருக்கு இதனால் தொல்லை கூடவும் செய்யும். உயர வேண்டியது மார்பு முழுவதும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான மரக்கட்டைகளை வையுங்கள். அல்லது இடுப்புக்குச் சற்று மேலிருந்து தலைவரை சாய்வாக உயரும் ஆப்பு வடிவ மெத்தையைப் பயன்படுத்துங்கள். முதல் வாரம் கீழே வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றும், பிறகு பழகிவிடும்.

இடப்பக்கமாகப் படுக்கவும் பழகுங்கள். இரைப்பையின் அகன்ற பகுதி உடலின் இடப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. இடப்பக்கம் படுத்தால் அமிலம் அந்தப் பள்ளத்தில் தேங்க, உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே இருக்கும். வலப்பக்கம் புரண்டால் நிலைமை தலைகீழாகி, அந்த வாய் அமிலக் குளத்துக்குக் கீழே போய்விடும். நான் முதுகுப்புறம் ஒரு நீளத் தலையணையை அணைவாக வைத்துக்கொண்டு, உறக்கத்தில் புரளாமல் பழகினேன்.

இரண்டாம் மறுமொழி

வணக்கம். இரைப்பை, குடல் நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். உங்களைச் சோதித்துப் பார்க்காமல் எழுதுவதால், இதை உங்கள் மருத்துவரோடு பேசுவதற்கான முன்னுரையாக மட்டும் கொள்ளுங்கள்.

முந்தைய நண்பர் சொன்னவற்றை வழிமொழிந்து, அதன் அடிப்படையை விளக்கிவிட்டுப் பானங்களுக்கு வருகிறேன். இத்தொல்லை உடையவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பாலோருக்குச் சுரப்பு இயல்பான அளவிலேயே இருக்கிறது. அமிலம் இருக்கக் கூடாத இடத்துக்கு வந்து சேர்வதே கோளாறு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போன்ற சுருக்குத் தசை ஒன்று இருக்கிறது; அதை வெளியிலிருந்து, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. வாயிற்கதவு போன்ற இந்த வளையம், விழுங்காத நேரத்திலும் அவ்வப்போது சில விநாடிகள் தளர்ந்து திறக்கும். நாம் ஏப்பம் விடுவது இப்படித்தான். வயிறு உப்பிப் புடைத்திருக்கும்போது இத்தளர்வுகள் மிகுதியாகின்றன. வயிற்றுக் கொழுப்பு, இறுக்கமான இடைவார், உண்டவுடன் குனிந்து வேலை செய்தல் ஆகியவை உள்ளழுத்தத்தைக் கூட்டி, திறந்த வாயில் வழியே அமிலத்தை மேலே தள்ளுகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. உணவு உண்டபின் புதிதாகச் சுரக்கும் அமிலம் முழுவதும் உணவோடு கலந்துவிடுவதில்லை. ஒரு பகுதி உணவின் மேற்பரப்பில், வாயிலுக்கு மிக அருகில், தனிப் படலமாகத் தேங்கி நிற்கிறது. அதனால்தான் வயிறு நிறைந்திருக்கும் வேளையிலேயே எரிச்சல் மிகுதியாகிறது.

இனி உங்கள் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதினாத் தேநீரை இன்றே நிறுத்துங்கள். புதினா தசைகளைத் தளர்த்தும் இயல்புடையது; குடல் பிடிப்புக்கு அது இதமளிப்பதன் காரணமும் அதுவே. அதே இயல்பு உங்கள் வாயில் தசையையும் தளர்த்தக்கூடும். வயிறு நிறைந்த நிலையில் அதன் மேல் சூடான நீரையும் ஊற்றுகிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பால் ஏமாற்றும் நண்பன் போன்றது. குடித்த சில நிமிடங்களுக்கு அமிலத்தை ஏந்திக்கொண்டு குளிர்ச்சி தரும். ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் மீண்டும் அமிலத்தைச் சுரக்கத் தூண்டுகின்றன, கொழுப்பு நிறைந்த பாலாக இருந்தால் இரைப்பை காலியாவதும் தாமதமாகிறது. நீங்கள் படுத்து ஒரு மணி நேரத்தில் எரிச்சல் தொடங்குகிறது என்று எழுதியிருப்பதை இத்தோடு பொருத்திப் பாருங்கள். பால் வேண்டுமெனில் பகலில், கொழுப்பு நீக்கியதாக, அரைக் குவளை போதும்.

எலுமிச்சை நீரைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது: அது உடலுக்குள் சென்றதும் காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிரான பொருளாக, மாறிவிடுமாம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது, அதாவது இரைப்பை அமிலத்துக்கு வெகு அருகில். செரிமானம் முடிந்து வளர்சிதை மாற்றத்துக்குப் பின் சிறுநீரில் என்ன ஆகிறது என்பது வேறு செய்தி. ஏற்கெனவே சிவந்திருக்கும் உணவுக்குழாயை அது தொட்டுக்கொண்டு இறங்கும்போது அமிலமாகத்தான் இறங்குகிறது. ஆரஞ்சு, தக்காளிச் சாறுகளுக்கும் இது பொருந்தும்.

காபியைப் பொறுத்தவரை ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு, ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆயினும் அமெரிக்காவில் 48,000க்கும் மேற்பட்ட பெண் செவிலியரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், காபி, தேநீர், சோடா பானங்களை நாளொன்றுக்கு 6 முறைக்கு மேல் அருந்தியவர்களிடம் எதுக்களிப்பு அறிகுறிகள் மிகுதியாகக் காணப்பட்டன. அவற்றில் 2 கோப்பைக்குப் பதிலாகத் தண்ணீர் அருந்தினால் வாய்ப்பு சற்றுக் குறையும் என்றும் அந்தத் தரவுகள் காட்டின. காபியை முற்றிலும் விடச் சொல்லி நான் யாரையும் வருத்துவதில்லை. உங்கள் 5 கோப்பையை 2 ஆக்குங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம், மாலைக்குப் பின் வேண்டாம்.

குமிழியுள்ள பானங்கள் எவையாயினும், சர்க்கரை இல்லாதவை உட்பட, வயிற்றை உப்ப வைத்து அந்த வாயிலைத் திறக்கத் தூண்டுகின்றன. எஞ்சியிருப்பது தண்ணீர். அது மருந்து அன்று; ஆனால் மேலே வந்த அமிலத்தைக் கழுவி இறக்க அதைவிட எளிய பொருள் இல்லை. எரிச்சல் தோன்றும்போது இரண்டு மூன்று மிடறு, பகல் முழுவதும் சிறிது சிறிதாக. உணவோடு சேர்த்து அரை லிட்டரைக் குடித்து வயிற்றை நிரப்ப வேண்டாம். இஞ்சியை மெல்லிதாகக் கொதிக்கவைத்து அருந்துவது சிலருக்கு இரைப்பை விரைந்து காலியாக உதவுகிறது. கெட்டியாகக் காய்ச்சினால் அதுவே எரிக்கும். இஞ்சி உதவினால் தொடருங்கள், உதவாவிட்டால் அதன்மேல் நம்பிக்கை வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் நிவாரணம் என்று எண்ணிக் குடித்த மூன்று பானங்களுமே நோய்க்கே துணைபோயிருக்கின்றன என்பதைப் படித்தபோது அதிர்ந்துவிட்டேன். நேற்றிரவே புதினாவையும் பாலையும் நிறுத்திவிட்டேன், மரக்கட்டைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மருத்துவர் ஐயாவிடம் மேலும் சில ஐயங்கள். சமையல் சோடாவை நீரில் கலந்து குடித்தால் உடனே அடங்கும் என்றும், ஆப்பிள் வினிகர் குடித்தால் அமிலக் குறைபாடு நீங்கும் என்றும், காரத்தன்மையுள்ள நீர் நிரந்தரத் தீர்வு என்றும் நண்பர்கள் மூவர் மூன்று விதமாகக் கூறுகின்றனர். மாத்திரையை நான் இரவு உணவுக்குப் பின்னரே சாப்பிட்டுவந்தேன், அது சரிதானா? மேலும், காரத்தையும் தக்காளியையும் விட்டும் பயன் இல்லாததால், இன்னும் எவற்றை விட வேண்டும் என்ற முழுப் பட்டியல் கிடைத்தால் நலம்.

மூன்றாம் மறுமொழி

பட்டியலைப் பற்றிய கேள்விக்கு நான் விடையளிக்க விரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பட்டியல்தான் என்னைப் படுகுழியில் தள்ளியது. எனக்கு இத்தொல்லை தொடங்கியபோது, தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று கண்ணில் பட்டவற்றையெல்லாம் தொகுத்து, ஏறத்தாழ 40 பொருள்களை ஒரே நாளில் விலக்கினேன். வெங்காயம், பூண்டு, தக்காளி, பழங்களில் பாதி, பயறு வகைகள், எண்ணெய், காபி, இனிப்பு எல்லாம் போயின. மூன்று மாதங்களில் ஏற்கெனவே மெலிந்திருந்த நான் மேலும் 6 கிலோ இழந்தேன். பிறர் வீட்டில் ஒரு வாய் உண்பதற்கும் அஞ்சினேன். எரிச்சலோ பாதிகூடக் குறையவில்லை. ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவரைச் சந்தித்தபோது அவர் முதலில் கேட்டது நான் எதை உண்கிறேன் என்று அல்ல. ஒரு வேளைக்கு எவ்வளவு உண்கிறேன், எவ்வளவு விரைவாக உண்கிறேன் என்றுதான். இரண்டு வேளை பட்டினி போலக் கிடந்து மூன்றாம் வேளையில் அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தேன், பத்து நிமிடத்தில்.

அவர் சொன்னபடி எல்லா உணவையும் திரும்பக் கொண்டுவந்து, ஒரு குறிப்பேடு வைத்தேன். உண்ட நேரம், அளவு, பொருள், படுத்த நேரம், எரிச்சல் தோன்றிய நேரம், இவை ஐந்து மட்டும். மூன்று வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோது என் எதிரிகள் யார் என்பது தெளிவாகத் தெரிந்தது: எண்ணெயில் பொரித்தவை, பச்சை வெங்காயம், இரவில் உண்ணும் சாக்லேட். தக்காளி சமைத்த நிலையில் எனக்கு எதுவும் செய்யவில்லை. பூண்டும் குற்றமற்றதாக விடுதலை பெற்றது. உங்களுக்கு வேறு மூன்று இருக்கலாம். ஐயப்படும் பொருளை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் விலக்கிப் பார்த்து, மாற்றம் இல்லையேல் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயனற்ற விலக்குகளைச் சுமந்துகொண்டே போவது உடலையும் மனத்தையும் வற்றச்செய்துவிடும்.

பொதுவாக யாருக்கும் பொருந்தும் ஒன்று கொழுப்பு. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நீண்ட நேரம் தங்குகிறது, வாயிலையும் தளர்த்துகிறது. இரவு நேரத்தில் அது இரட்டைத் தீங்கு. காரம் சற்று வேறுபட்டது. மிளகாயின் காரச்சத்து சிவந்திருக்கும் உணவுக்குழாயின் வலியுணர்வைத் தூண்டுவதால் எரிச்சல் மிகுதியாகத் தெரியும். சிவப்பு ஆறிய பின் மிதமான காரத்தைப் பலர் தாங்கிக்கொள்கின்றனர். முழுத் தானியங்கள், ஓட்ஸ், வேகவைத்த காய்கள், வாழைப்பழம், தோல் நீக்கிய கோழி, மீன் போன்றவை எனக்கு அமைதியாகச் செரிக்கின்றன. நார்ச்சத்தைக் கூட்டிய பிறகு மலச்சிக்கல் நீங்கி, முக்கவேண்டிய தேவை இல்லாமல் போனதும் எனக்குப் பெரிய உதவி.

சிறிய பழக்கம் ஒன்று: உணவுக்குப் பின் அரை மணி நேரம் சர்க்கரை சேர்க்காத சூயிங் கம் மெல்கிறேன். உமிழ்நீர் பெருகி, விழுங்குதல் அடிக்கடி நிகழ்ந்து, அமிலம் கழுவப்படுகிறது. புதினா மணமில்லாததைத் தேடி வாங்குங்கள்.

இரண்டாம் மறுமொழி எழுதிய மருத்துவர்

மூன்றாம் மறுமொழியில் சகோதரி எழுதியதை என் நோயாளிகள் அனைவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அமிலத்தை உடனே சமன்செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வினையில் கரியமில வாயு உண்டாகி வயிறு உப்புகிறது. அரைத் தேக்கரண்டியில் 600 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சோடியம் உடலில் சேர்கிறது. இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உடையவர்களுக்கு இது தீங்கானது. வயிறு நிறைய உண்ட பிறகு மிகுதியாகக் குடிப்பது எவருக்குமே ஆபத்து. வினிகர் அமிலம், அது எதுக்களிப்பைத் தணிக்கிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை, புண்ணான இடத்தில் மேலும் புண்ணாக்கும் வாய்ப்பு இருக்கிறது. காரத்தன்மையுள்ள நீரைப் பற்றி 2012இல் வந்த ஆய்வகச் சோதனை ஒன்று, பிஎச் 8.8 உள்ள நீர் பெப்சின் என்னும் செரிமான நொதியைச் செயலிழக்கச் செய்கிறது என்று காட்டியது. அது சோதனைக் குழாயில் நிகழ்ந்தது. இரைப்பைக்குள் இறங்கியதும் அந்த நீரின் காரத்தன்மை அமிலத்தில் மறைந்துவிடும். குடிப்பதால் கேடில்லை; நிரந்தரத் தீர்வு என்று நம்பிப் பிறவற்றைக் கைவிடுவதே கேடு.

மாத்திரையை உண்டபின் சாப்பிட்டது உங்கள் பாதி நிவாரணத்துக்குக் காரணமாக இருக்கலாம். பாண்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகை மருந்துகள் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகள் இயங்கிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அவற்றைப் பூட்டுகின்றன. அந்தப் பம்புகளை எழுப்பிவிடுவது உணவு. ஆகவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு விழுங்கினால், உண்ணும் வேளையில் மருந்து இரத்தத்தில் ஆயத்தமாக இருக்கும். பொதுவாகக் காலை உணவுக்கு முன்பு. இரவுத் தொல்லை மிகுந்தவர்களுக்கு இரவு உணவுக்கு முன்பு எனச் சில வேளைகளில் மாற்றுவோம்.

நிறுத்தியவுடன் கடுமையாகத் திரும்பியதற்கும் விளக்கம் உண்டு. சில வாரங்கள் சுரப்பை அடக்கிவைத்தால், உடல் அதை ஈடுசெய்யும் முயற்சியில் தூண்டுவிசையைப் பெருக்கிவைக்கிறது. மருந்தைத் திடீரென விலக்கும்போது அமிலம் வெள்ளமாகப் பாய்கிறது. 2009இல் வெளியான ஆய்வில், எவ்விதத் தொல்லையும் இல்லாத நலமானவர்களுக்கு 8 வாரங்கள் இவ்வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அமிலத் தொல்லைகள் தோன்றின; வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 15 விழுக்காடு. ஆகவே உங்களுக்கு நேர்ந்தது நோய் முற்றியதன் அடையாளம் என்று அஞ்ச வேண்டாம். அடுத்த முறை மருத்துவரின் மேற்பார்வையில், நாள்தோறும் என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, இடைப்பட்ட நாட்களில் அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மருந்தான ஃபாமோடிடினையோ ஆல்ஜினேட் திரவத்தையோ பயன்படுத்திப் படிப்படியாக இறங்கலாம். ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. நான் முன்னர் குறிப்பிட்ட அந்த அமிலப் படலத்தின் மேல் நுரைத் தெப்பம்போல் மிதந்து மூடிக்கொள்கிறது. உணவுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் எடுப்பது முறை. அதன்மேல் தண்ணீர் குடித்துக் கலைத்துவிடக் கூடாது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மாத்திரையை விடுவது எல்லோருக்குமான குறிக்கோள் அன்று. உணவுக்குழாயில் கடுமையான புண் உடையவர்கள், அதன் உட்படலம் மாறுதல் அடைந்தவர்கள், இரைப்பைப் பாதுகாப்புக்காக ஆஸ்பிரினோடு இதைச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. விழுங்கும்போது உணவு சிக்குவது, இரத்த வாந்தி, கருமையான மலம், காரணமின்றி எடை குறைவது, இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அதை நெஞ்செரிச்சல் என்று கருதி ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும். மாரடைப்பை வாயுத்தொல்லை என்று எண்ணி விடியும்வரை பொறுத்திருந்து காலம் கடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் என்னோடு இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மருத்துவரைச் சந்தித்து, மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு என்று மாற்றிக்கொண்டேன். இரவு உணவு ஏழு மணிக்குள் அலுவலகத்திலேயே முடிகிறது. கட்டிலின் தலைமாடு 16 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. காபி இரண்டு கோப்பை. இரவில் விழித்தது கடந்த மூன்று வாரங்களில் இரண்டே முறை; குறிப்பேட்டைப் பார்த்தால், இரண்டுமே விருந்துக்குச் சென்று பத்து மணிக்கு உண்டு திரும்பிய நாட்கள். எடை 2 கிலோ குறைந்திருக்கிறது. இனி எதில் கவனம் செலுத்தலாம்?

முதல் மறுமொழி எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி. எடையையே தொடருங்கள். நார்வே நாட்டில் பல்லாயிரம் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், எடை எந்த அளவுக்குக் குறைந்ததோ அந்த அளவுக்கு அறிகுறிகளும் குறைந்தன. உங்களுக்குக் கூடிய 9 கிலோவில் பாதி இறங்கினாலே வேறுபாட்டை உணர்வீர்கள் என்று நம்புகிறேன். உண்டபின் மெதுவாக நடப்பது நல்லது. ஓட்டம், பளு தூக்குதல், குனிந்து செய்யும் பயிற்சிகள் ஆகியவற்றை வயிறு காலியாக இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவர் ஐயா குறிப்பிட்டபடி வாயிலை வெளியிலிருந்து இறுக்குவது உதரவிதானம். அதுவும் பயிற்சியால் வலுப்பெறும் தசைதான். ஆஸ்திரியாவில் நடந்து 2012இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சியை நான்கு வாரம் செய்தவர்களின் உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் குறைந்தது. நான் நாள்தோறும் மாலை உணவுக்கு முன்பு அரை மணி நேரம் செய்கிறேன். மல்லாந்து படுத்து, ஒரு கையை மார்பிலும் மறு கையை வயிற்றிலும் வைத்து, மார்பிலுள்ள கை அசையாமல் வயிற்றிலுள்ள கை மட்டும் உயருமாறு மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் விடுங்கள். இரண்டு வாரத்துக்குப் பின் நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யப் பழகலாம். தலைசுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

விருந்து நாட்களுக்கு என் ஏற்பாடு இது: கிளம்பும் முன் வீட்டில் பாதி வயிறு உண்டுவிடுகிறேன், அங்கே பொரித்ததையும் குமிழிப் பானத்தையும் தவிர்த்துச் சிறிதளவு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், திரும்பியதும் எவ்வளவு நேரமானாலும் இரண்டு மணி நேரமாவது நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து படித்துவிட்டு, ஆல்ஜினேட் குடித்து இடப்பக்கமாகப் படுக்கிறேன்.